உளுவைக்குப் பெயர் வைத்த மருத்துவர்

தியோமான், ரெடாங் போன்ற தீவுகளுக்குச் செல்பவர்கள் கண்ணாடி அணிந்து கடல்நீரில் முகம் புதைத்தவுடன் பவளப்பாறையைத்தான் பார்க்கிறார்கள். கோமாளி மீனும் கிளி மீனும் வண்ணத்துப்பூச்சி மீனும் அங்கேதான் உலவுகின்றன. பாறை முடிந்து வெண்மணல் தொடங்கும் இடத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த மணலின்மீது விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் வயிற்றை ஊன்றி அசையாமல் அமர்ந்திருக்கும். மணல் நிறம், மேனியெங்கும் மங்கிய பழுப்புத் திட்டுகள். கண்ணில் தீட்டிய மை கன்னத்தில் வழிந்தது போல, கண்ணின் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கீழ்நோக்கி இறங்கும். நாம் நெருங்கினால் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடியும் அமர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் ஆட்டபாட்டம்.

இதனைத் தமிழில் உளுவை எனலாம். உளுவை என்பது ஒரே ஒரு மீனுக்கு உரிய பெயரன்று. சேற்றில் துள்ளித் திரியும் பெலாச்சாக் முதல் சீன உணவகத்தின் கண்ணாடித் தொட்டியில் சோம்பிக் கிடக்கும் கெத்துத்து வரை, பரந்த பொருளில் எல்லாமே உளுவை இனத்தாரும் அவர்களின் நெருங்கிய உறவினரும்தாம். இந்தக் கூட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. பல, ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பவை. இவற்றை அடையாளம் காண்பது மீனியலில் மிகவும் பொறுமை வேண்டும் வேலைகளுள் ஒன்று.

நாம் மேலே கண்ட மணல் உளுவைக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் கடலுக்குள் மூழ்கி அதைப் பார்த்தவர் அல்லர்.  அவர் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவர் பெயர் பீட்டர் பிளேக்கர். தென்கிழக்காசிய மீன்களைப் பற்றிய எந்த நூலைப் புரட்டினாலும் இனப் பெயர்களின் பின்னால் இவருடைய பெயர் வந்துகொண்டே இருக்கும். ஆயினும் நம்மில் பலர் இவரைப் பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டோம்.

பிளேக்கர் 1819ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் நெதர்லாந்தின் சாண்டாம் என்னும் ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பமன்று. சிறுவயதிலேயே மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு ஹார்லெம் நகரில் மருத்துவம் பயின்றார். மனமோ உயிரினங்களின் மீதே இருந்தது. லைடன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பெற முயன்றார், கிடைக்கவில்லை. அந்தக் கதவு அடைபட்டதால்தான் அவர் இராணுவ மருத்துவராகக் கப்பலேறினார். 1842இல் பத்தாவியாவில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோதான்.

பத்தாவியாவைப் பற்றி அன்றைய ஐரோப்பியர்களுக்கு நல்ல எண்ணம் இல்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் புதிதாக வந்தவர்களை வாரிக்கொண்டு போன ஊர் அது. மருத்துவருக்கு ஓய்வு இருந்திருக்காது. ஆனால் அங்கே ஒரு மீன் சந்தை இருந்தது. ஜாவாக் கடலில் பிடிபட்டவை யாவும் காலையில் அங்கே வந்து குவிந்தன. மருத்துவமனைப் பணி போக எஞ்சிய நேரத்தைப் பிளேக்கர் அந்த மீன்களுக்குக் கொடுத்தார். விலைகொடுத்து வாங்கினார், அளந்தார், துடுப்பு முட்களை எண்ணினார், உள்ளூர் மக்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர் அவற்றைச் சாராயத்தில் இட்டு வைத்தார். ஐரோப்பாவிலிருந்து நல்ல சாராவி கிடைக்காத இடத்தில் ஜாவா நாட்டு அராக் சாராயமே அவருக்கு உதவியது.

ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அருகில் யாருமில்லை. பாரிஸில் குவியேயும் வலென்சியென்னும் எழுதிய மீன்களின் வரலாறு என்னும் பெருநூல் அப்போது தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருந்தது. பினாங்கில் பணியாற்றிய தியோடோர் கேண்டர் என்ற மருத்துவரின் மலாயா மீன் பட்டியல் 1849இல் வெளிவந்தது. அக்காலத்தில் மீனியலை வளர்த்தவர்களில் இத்தனை பேர் இராணுவ மருத்துவர்களாகவும் கம்பெனி மருத்துவர்களாகவும் இருந்திருக்கிறார்கள் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் டேயும் சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்தவர்தாம். உடற்கூறு படித்தவர்கள், எங்கெங்கோ மாற்றப்படுபவர்கள், கையில் சாராயமும் கத்தியும் இருந்தவர்கள். காரணம் அதுவாக இருக்கலாம்.

பிளேக்கர் தனியாளாக எல்லாத் தீவுகளுக்கும் போய்விட முடியாது. 1855இல் தலைமை ஆளுநருடன் மினஹாசாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் பயணம் செய்தார். ஆனால் அது விதிவிலக்கு. சுமத்ரா, போர்னியோ, செலெபெஸ், அம்போன் எனப் பல இடங்களில் பணியிலிருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் அவருக்குச் சாராயச் சாடிகளில் மீன்களை அனுப்பி வைத்தார்கள். ரியாவ், சிங்கப்பூர், பினாங்கு மீன்களைப் பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதியுள்ளார். அந்த மீன்களைப் பிடித்துக் கொடுத்த மலாய், ஜாவானிய, சீன மீனவர்களின் பெயர்கள் மட்டும் எங்கும் பதிவாகவில்லை. வலையை இழுத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். காலனி ஆட்சிக் காலத்தில் எழுந்த அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பிளேக்கரின் உழைப்பைப் போற்றும்போது இதனையும் நாம் மறந்துவிடக் கூடாது.

1850இல் பத்தாவியாவில் இயற்கை அறிவியல் சங்கம் ஒன்று தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் பிளேக்கரும் ஒருவர். சங்கத்தின் இதழை அவர் கட்டுரைகளே நிரப்பின எனலாம். மறு ஆண்டு, ஜாவானிய இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் பள்ளி அங்கே தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பிலும் அவர் பங்கேற்றார். அந்தப் பள்ளியே பின்னாளில் வளர்ந்து ஸ்டோவியா என்னும் மருத்துவக் கல்லூரியாகியது. 1908இல் இந்தோனேசிய தேசிய எழுச்சிக்கு வித்திட்ட பூடி உத்தோமோ இயக்கம் அதன் மாணவர்களிடையேதான் பிறந்தது. டச்சு இராணுவ மருத்துவர் எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது!

இனி நம் மணல் உளுவைக்கு வருவோம்.

மேற்கூறிய சங்க இதழின் முதல் தொகுதியில், 1851இல், பிளேக்கர் சில புதிய உளுவைகளை விவரித்தார். அவற்றுள் ஒன்று அஞ்செர் என்னும் ஊரிலிருந்து கிடைத்தது. ஜாவாவின் மேற்குக் கோடியில் சுண்டா நீரிணையின் ஓரம் அமைந்த சிறு துறைமுகம் அஞ்செர். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே நின்று தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஊர்ப் பெயரை வைத்தே மீனுக்கு அஞ்செரென்சிஸ் என்று பெயரிட்டார். 1853இல் சுமத்ராவின் தென்மேற்குக் கரையிலுள்ள கவுர் என்னும் இடத்து மீன் ஒன்றுக்குக் கவுரென்சிஸ் என்று பெயரிட்டார். இரண்டும் சிறியவை. இரண்டுக்கும் கண்ணில் கறுப்புக் கோடு உண்டு. இரண்டும் பாறையோர மணலில் வாழ்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பழக்கமில்லாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

ஓர் உளுவையை எப்படி அடையாளம் காண்பது? முதலில் அது உளுவைதானா என்று பார்க்க வேண்டும். உளுவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பெரும்பாலானவற்றில் ஒன்றாக இணைந்து ஒரு சிறு கிண்ணம்போல் ஆகியிருக்கும். அந்தக் கிண்ணத்தை ஊன்றியே அது மணலில் அமர்கிறது. அதற்கு அப்பால்தான் சிக்கல் தொடங்குகிறது. துடுப்பு முட்கள் எத்தனை, பக்கவாட்டில் செதில் வரிசை எத்தனை, தலையின் எந்தப் பகுதியில் செதில் உண்டு, எந்தப் பகுதி வழுவழுப்பாக இருக்கிறது, பற்கள் எப்படி அமைந்துள்ளன என்று ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் எண்ண வேண்டும். ஐந்தாறு சென்டிமீட்டர் மீனில் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நாமே கற்பனை செய்துகொள்ளலாம். பிளேக்கரோ மின்விளக்கு இல்லாத காலத்தில், வெப்ப மண்டலத்து இரவுகளில் இதைச் செய்தார்.

நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். உயிரோடு இருக்கும் மீனுக்கு அது சரி. சாராயத்தில் விழுந்த மீனில் மஞ்சளும் சிவப்பும் விரைவில் கரைந்து மறைந்துவிடும். கறுப்பும் பழுப்பும் மட்டும் ஓரளவு எஞ்சும். பவளப்பாறையில் பளபளத்த மீன் சாடியில் வெளிறிய மரத்துண்டு போல் ஆகிவிடும். தொலைதூரத்துத் தீவிலிருந்து பல வாரங்கள் கழித்து வந்து சேர்ந்த சாடியைத் திறந்தவருக்கு மீனின் உண்மையான நிறம் எப்படித் தெரியும்? ஆகவே பிளேக்கர் எண்ணிக்கைகளையே பெரிதும் நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் காப்பாற்றியது என்பதைப் பின்னர் காண்போம்.

அன்று அறியப்பட்ட உளுவைகளில் மிகப் பலவற்றைக் கோபியஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, பாஸ்மதி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்தது போன்ற நிலைமை. பிளேக்கரும் தம் அஞ்செர் மீனை முதலில் அந்தச் சாக்கில்தான் போட்டார். ஆனால் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 1874இல் உளுவைகள் அனைத்துக்கும் புதிய வகைப்பாடு ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அதில் அஞ்செர் மீனை முன்மாதிரியாகக் கொண்டு நாத்தோலெபிஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். கிரேக்க மொழியில் நாத்தோஸ் என்றால் தாடை, லெபிஸ் என்றால் செதில். அதே மணலில் வாழும் வேறு பல உளுவைகளின் கன்னத்தில் செதில் கிடையாது, இதற்கு உண்டு. பெயரையே அடையாளக் குறிப்பாக அமைத்துவிட்டார். இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும் ஆம்பிளிஎலியோட்ரிஸ் என்னும் பேரினமும் அதே 1874ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிறந்ததுதான். மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும் வலென்சியென்னியா உளுவைகளுக்கு, தாம் பார்த்தே இராத தம் பாரிஸ் ஆசானின் பெயரை அவர் 1856இலேயே சூட்டியிருந்தார்.

உளுவை மட்டும்தானா? இல்லை. 500க்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஐந்நூற்றுக்கு மேல் புதிய பேரினங்கள், 1,900க்கும் மேல் புதிய இனங்கள் என்று அவருடைய கணக்கு நீள்கிறது. மீன் வளர்ப்போர் விரும்பி வாங்கும் புலிக்கெண்டையும் கோமாளி அயிரையும் அவர் பெயரிட்டவை. சிங்கப்பூரில் சூன் ஹோக் என்றும் மலேசியாவில் கெத்துத்து என்றும் அழைக்கப்பட்டு, விருந்துகளில் ஆவியில் வெந்து மேசைக்கு வரும் விலையுயர்ந்த மீனையும் 1852இல் போர்னியோவின் பஞ்சார்மாசினிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு அவரே விவரித்தார். பிற்காலத்தில் இப்பகுதியின் மீன்களைப் பற்றி வேபரும் தெ போஃபோர்ட்டும் ஒரு பெருந்தொடரை வெளியிடத் தொடங்கியபோது, 1911இல் வந்த முதல் தொகுதி முழுவதையும் பிளேக்கரின் கட்டுரைகளுக்கு அட்டவணை தயாரிப்பதற்கே செலவிட வேண்டியிருந்தது. அவர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை!

இவ்வளவு வேகமாக எழுதியவரிடம் தவறுகளும் இருந்தன. ஒரே மீனுக்கு அவர் இரு பெயர் கொடுத்ததும் உண்டு. ஆயினும் பின்னால் வந்தவர்களை மிகவும் அலைக்கழித்தது வேறொரு பழக்கம். ஓர் இனத்தை விவரிக்கும்போது கையிலிருந்த மீன்கள் மூன்று என்றால், சில ஆண்டுகள் கழித்து அதே இனத்தில் பத்து மீன்கள் புதிதாகக் கிடைத்தால், அவற்றையும் அதே சாடியில் போட்டுவிடுவார். எந்த மீன் முதல் விவரிப்புக்கு அடிப்படையானது என்று தனிச்சீட்டு இராது. இன்றைய விதிப்படி ஒரு பெயருக்கு உரிய மூல மாதிரிதான் அந்தப் பெயரின் பத்திரம். பத்திரம் எது, படி எது என்று தெரியாமல் போனால் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்துவிடும். அவர் இருந்த காலத்தில் இந்த விதிகள் இன்று போல் வரையறுக்கப்பட்டிருக்கவில்லை என்பது உண்மை. எனினும் இதை அவருடைய குறையாகவே கொள்ள வேண்டியுள்ளது.

1860இல் பதினெட்டு ஆண்டுகால வாழ்க்கையை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ 12,000 மீன் மாதிரிகளுடன் நெதர்லாந்து திரும்பினார். தம் வாழ்நாளின் பெரும்பணி ஒன்று எஞ்சியிருப்பதாக அவர் கருதினார். கிழக்கிந்தியத் தீவுகளின் மீன்கள் அனைத்தையும் வண்ணப் படங்களுடன் விளக்கும் அட்லஸ் நூல் அது. 1862இல் முதல் தொகுதி வந்தது. கிளி மீன்கள், கெளிறுகள், கெண்டைகள், விலாங்குகள் என்று ஒவ்வொரு கூட்டமாக எழுதி முடித்துக்கொண்டே வந்தார். ஆண்டுகள் உருண்டோடின. ஒன்பது தொகுதிகளில் உளுவைகளின் முறை வரவே இல்லை. 1878ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், தி ஹேக் நகரில் பிளேக்கர் காலமானார். அட்லஸ் பாதியில் நின்றது.

1879இல் அவருடைய சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. பல தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுப் பல அருங்காட்சியகங்களுக்குப் போனது. முதன்மையான பகுதியைப் பெற்றது லைடன் அருங்காட்சியகம். இளமையில் அவருக்கு வேலை கிடைக்காத அதே இடம்! ஒரு சாடியில் கலந்து கிடந்த மீன்கள் இப்போது நாடுகள் தோறும் சிதறின. நான்கு ஆண்டுகள் கழித்து 1883 ஆகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலையில் அஞ்செர் துறைமுகம் அடித்துச் செல்லப்பட்டது.

ஆனால் பிளேக்கர் ஒன்றைத் தவறாமல் செய்திருந்தார். ஒவ்வோர் இனத்தையும் விவரிக்கும்போது கையிலிருந்த மீன்கள் எத்தனை, அவற்றின் நீளம் எவ்வளவு என்று மில்லிமீட்டர் கணக்கில் குறித்து வைத்தார். மூல மாதிரியைத் தேடும் ஆய்வாளர்கள் சாடியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக அளந்து, அவர் எழுதிய நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சாராயத்தில் மீன் சற்றுச் சுருங்கும். அதற்கும் இடங்கொடுக்க வேண்டும். கணக்குப் பொருந்தினால் அதுவே மூல மாதிரி. துப்பறியும் கதையைப் போன்ற இந்த வேலை இல்லையென்றால் அவருடைய பெயர்களில் பல இன்று பயனற்றுப் போயிருக்கும்.

நம் இரண்டு மணல் உளுவைகளின் வழக்கும் நெடுநாள் இழுத்தது. இருபதாம் நூற்றாண்டில் மீன்களை உயிரோடு பார்த்து, புத்தம் புதிதாகப் பிடித்து ஆராய்பவர்கள் வந்தார்கள். அவற்றுள் ஒன்றின் தோளில், அதாவது மார்புத் துடுப்பின் அடிக்குச் சற்று மேலே, கறுப்பு விளிம்பிட்ட சிறு மஞ்சள் புள்ளி இருந்தது. முன்னாளில் மணிலாவில் மீன்வளத் துறைக்குத் தலைமை வகித்த ஆல்பர்ட் ஹெர்ரே என்னும் அமெரிக்கர் 1953இல் அதைப் புதிய இனமாகக் கருதி, தோள் அடையாளம் என்று பொருள்படும் ஸ்கேபுலோஸ்டிக்மா என்ற பெயரைக் கொடுத்தார். பொருத்தமான, அழகான பெயர். பல நூல்களில் அதுவே வழங்கியது. 2001இல் ஹவாயைச் சேர்ந்த ராண்டாலும் கிரீன்ஃபீல்டும் இந்தப் பேரினத்தை மறு ஆய்வு செய்தபோது, ஹெர்ரேயின் மீன் வேறொன்றும் அன்று, பிளேக்கர் 1853இல் கவுரிலிருந்து பெற்ற அதே மீன்தான் என்று முடிவுகட்டினார்கள். முந்திய பெயருக்கே முதலிடம் என்பது விதி. நிறம் வெளிறிய ஒரு சிறு மீனை வைத்துக்கொண்டு, இது அஞ்செர் மீனன்று, வேறொன்று என்று பிரித்தறிந்த அந்த மருத்துவரின் கண் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் சரியென ஏற்கப்பட்டது.

அட்லஸுக்காக அவர் தயாரித்து வைத்து அச்சேறாமல் போன படத்தகடுகளை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1983இல் வெளியிட்டது. உளுவைகளின் படங்களும் அவற்றுள் உண்டு. வரைந்து நூறாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தவை அவை.

தீவுப் பயணம் செல்லும் அன்பர்கள் பாறையைப் பார்த்து முடித்தபின் ஓரத்து மணலில் சற்று நேரம் அசையாமல் மிதந்து பாருங்கள். கண்ணில் கறுப்புக் கோட்டுடன் ஒரு குட்டி மீன் அமர்ந்திருக்கும். அதன் தோளை உற்றுப் பாருங்கள். கறுப்பு விளிம்புக்குள் மஞ்சள் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் அது கவுர் மீன். புள்ளி தென்படாமல், பக்கவாட்டின் கீழ்ப்பகுதியில் பழுப்புத் திட்டுகள் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் அது அஞ்செர் மீன். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பிளேக்கரைப்போல் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு எண்ண உட்கார வேண்டியதுதான்.